பிள்ளையார் தொந்தியில் பிரிந்த பால்

ஒழுகுகிற எதையும் பார்க்காமல் கடந்துபோகத் தெரியாத மனிதர் பம்பாயில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் மாட்டுங்கா லேபர் கேம்பில்தானா வந்து வாய்க்க வேண்டும்!

விரல் அண்ணாச்சி என்போம். சாய ஆலையில் வேலை. சரிவில் வழியும் எதுவும் கொஞ்ச தூரம் போர்வையாக வந்து, பிறகு ஓரம் நெளிந்து, விரல் விரலாகப் பிரியுமாம். அதை வாய்பிளந்து பார்ப்பதே அவருக்குப் பிழைப்பு. அறுபதுகளில் ஒரு மழைநாள். சந்துச் சரிவில் தண்ணீர் வரிவரியாக அலையடித்து இறங்குவதைப் பார்க்கக் குடையோடு நடுவழியில் குந்திவிட்டார். ஷிப்டுக்குப் போகிற கூட்டம் பின்னால் நனைகிறது.

"அண்ணாச்சி, ஜல்தி எந்திரிங்க! மில்லு கேட்ட மூடிருவான்!"

"மிதிச்சிராதீங்கவே! அலை கலைஞ்சிரும்."

இதையெல்லாம் பொறுத்தேன். கோயிலில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டு கரு தங்காமல் போன என் மனைவி மூன்றாவதைச் சுமந்திருந்தாள். பிள்ளையாருக்குப் பாலாபிஷேகம் நேர்ந்திருந்தோம். பால் மேனி முழுவதையும் மூடினால் பிள்ளை தங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்று ரேஷன் பால் கார்டுக்குக் கிடைத்த பால் அவ்வளவையும் கொண்டுபோனோம். பூசாரி எண்ணெய்க் காப்பை அரைகுறையாகத் துடைத்துவிட்டு ஊற்றினார். தோளில் வெள்ளையாக இறங்கிய பால் தொந்திக்கு வந்ததும் பிரிந்தது. இடையிடையே கருங்கல் தெரிந்தது. அவள் விசும்பினாள்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆகா! அஞ்சு விரலுவே!"

சந்நிதியாயிற்றே என்று கையை அடக்கிக்கொண்டேன். "ஓய், வாய மூடும்! அவ அழுதுகிட்டு நிக்கா, உமக்கு எண்ணிக்கையா?"

அப்போதுதான் அவளைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. ஓடினார், தன் வீட்டுப் பால் புட்டியோடு திரும்பி வந்தார்.

"அழாத தங்கச்சி, இத ஊத்தி மூடிருவோம்."

பூசாரி ஊற்றினார். அதுவும் அதே இடத்தில் பிரிந்தது. மனுஷனுக்கு வந்த வேலை மறந்துபோயிற்று. "ஏ, இப்ப ஏழுவே!" என்று குதித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால், மாதக்கணக்கில் பயத்திலேயே கிடந்த என் மனைவி, கண்ணீர் வழிய வழியச் சிரித்துவிட்டாள்.

"விடுங்க. கேக்காத மனுஷனுக்கு ஏழு குடுத்த பிள்ளையாரு, கேட்ட எனக்கு ஒண்ணு தரமாட்டாரா?"

பெண் பிறந்தாள். பிள்ளையார் மன்னிக்கட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து நான் முதலில் ஓடியது அந்த மனுஷன் வீட்டுக்குத்தான்.