இரண்டு தட்டு தட்டினால் திரும்பச் சொல்ல வேண்டும்

அன்புத் தங்கைக்கு,

பிள்ளை பெற்றவளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு அண்ணன் எழுதுவது. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. காரணம் பின்னால் வருகிறது.

மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, "அவரைக் கொஞ்சம் பார்த்துக்கண்ணா, குரல் போனதிலேருந்து சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்" என்று உன் வீட்டுக்காரரை, அதாவது மாப்பிள்ளையை, என்னிடம் ஒப்படைத்தாய். பார்த்துக்கொண்டேன். திடீரென்று சுவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏலக்கூடத்தில் தெருக்கோடி வரை கேட்கக் கூவியவர், தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு சத்தமும் வராதவர், காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பை நிறையப் பேனாவோடு கிளம்புகிறார். எங்கே என்றால் சிரிக்கிறார். பேச முடியாதவர் சிரித்தால் அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம் இல்லையா? சாப்பிடும்போது மேஜையில் ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று விரல் முட்டியால் தட்டிப் பழகுகிறார். யாருக்கோ சங்கேதம் என்று முடிவு கட்டினேன்.

நேற்று பின்னாலேயே போனேன். ஒரு கல்லூரிக்குள் நுழைந்தார். அதன் பின்பக்கச் சுவரில் ஏறிப் பார்த்தால், தனி அறையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்! அவள் சொல்லச் சொல்ல இவர் தலை நிமிராமல் எழுதுகிறார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று இன்னும் கொஞ்சம் எக்கினேன். செங்கல் பெயர்ந்தது, நானும் கூடவே.

காவலாளி ஓடிவந்தான். "பரீட்சை எழுதறவங்களுக்குப் பிட்டு குடுக்கத்தானே வந்தே?"

"இல்லப்பா, என் மாப்பிள்ளையை வேவு பாக்க வந்தேன்."

"அது இதைவிட மோசமா இருக்கே!" என்று என்னை ஸ்டூலில் உட்கார வைத்தான். "அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுங்க. சொல்றதை எழுத ஆள் கிடைக்காம போன தடவை பரீட்சையே எழுதலை. இவர் காசு வாங்காம எழுத வந்ததுல எல்லாருக்கும் நிம்மதி. பதிலைக் காதுல சொல்லிக் குடுக்க முடியாதுல்ல! ஒரு தட்டு தட்டினா எழுதியாச்சு, ரெண்டு தட்டினா திரும்பச் சொல்லணும்."

நான் விழுந்ததை ஜன்னல் வழியாக மாப்பிள்ளை பார்த்தார். பார்த்துவிட்டு, அவளுக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டு, மறுபடி எழுத ஆரம்பித்தார். மணி அடிக்கும்வரை எழுந்து வரவில்லை. சொந்த மச்சான் கீழே கிடக்கிறேன்!

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. சம்பளமே இல்லாமல் ஒரு மனிதர் இவ்வளவு உற்சாகமாக இருப்பாரா? என் வலது கையில் மாவுக்கட்டு, மூக்குக்கண்ணாடி தூள். அதனால் இந்தக் கடிதத்தை எழுதுவது மாப்பிள்ளையேதான். சொன்னதைச் சொன்னபடி எழுதுவாராமே, அதையும் பார்த்துவிடலாம் என்று அவர் மீதான புகாரை அவர் கையாலேயே எழுத வைக்கிறேன். 'இந்த வயதில்' என்ற இடத்தில் இரண்டு தட்டு தட்டினார். சத்தமாகவே திரும்பச் சொன்னேன். கண்ணாடி இல்லாததால் சரிபார்க்க முடியவில்லை. அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது இருந்தால் அது அவர் சேர்த்தது, நம்பாதே.

தாய்க்கும் சேய்க்கும் என் ஆசிகள். எதற்கும் சீக்கிரம் வந்து சேர்.

உன் நன்மையில் எப்போதும் கண்ணாக இருக்கும்,
அண்ணன்

பி.கு.: இது நான். மேலே ஒரு சொல்லையும் மாற்றவில்லை, மாற்றக் கூடாது. குரலோடு நானும் முடிந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் இந்த முறை கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிவிட்டாள். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. நீ நிதானமாக வா. கடிதம் முடிந்ததும் மச்சான், "இதை அவளுக்கு எழுதிடாதீங்க" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "கை சரியானதும் பரீட்சை எழுதிக் குடுக்க என்னையும் சேத்துப்பாங்களா, மாப்பிள்ளை?" எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் இரண்டு தட்டு தட்டினேன். திரும்பச் சொன்னார்.