விளக்கு இலாகா

ஒரு வீட்டில் இன்டர்நெட் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம், ரவுட்டர் பெட்டியின் முகப்பிலுள்ள சிறு விளக்கிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பச்சை என்றால் உண்டு. சிவப்பு என்றால் இல்லை. மேல்முறையீடு கிடையாது.

இந்த ஏற்பாடு தெரியாமல் பெங்களூர் அடுகோடியில் அல்போன்சா டீச்சர் தினமும் மாலையில் ஆன்லைன் கணக்கு வகுப்பு நடத்திவந்தார். வகுப்பு தொடங்கும், கொஞ்ச நேரத்தில் நெட் போகும். ஊரின் மறுகோடியில் பீன்யாவிலிருந்து படிக்கும் ஆஷ்லி என்ற சிறுமி பின்னக் கணக்கில் பாதியிலேயே நிற்பாள். இன்னொரு முறை அறுந்தால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுக்க நேரிடும் என்று அவரை அமர்த்தியிருந்த அகாடமி பணிவன்புடன் தெரிவித்திருந்தது.

அவர் கணவர் யூஜின் நெட் கம்பெனிக்குப் போன் செய்தார்.

"லைட் என்ன கலர் சார்?"

"பச்சை. ஆனா நெட் இல்லம்மா."

"பச்சைன்னா இருக்கு சார்."

"கண்ணு முன்னாடி இல்லன்றேன்."

"நீங்க லைட்ட மட்டும் பாருங்க சார். பச்சையா இருந்தா கம்ப்ளெயின்ட் எடுக்க சிஸ்டத்துல எடமே இல்ல."

யூஜின் வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அநீதியை மென்பொருளால் வெல்லலாம் என்று நம்புகிறவர். பெட்டிக்குள் கம்பெனி வைத்திருந்ததை அழித்துவிட்டு, உலகமே கூடி எழுதிய கட்டற்ற மென்பொருளை ஏற்றுவதென்று முடிவெடுத்தார். பெங்களூரில் கொஞ்சம் விவரமானவர்கள் வீட்டில் இப்போது இதுதான் நடப்பு. அதில் ஒளிவுமறைவே கிடையாது, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். யாராவது படித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் யூஜினும் படிக்கவில்லை.

ஏற்றும்போது பெட்டி கால் மணி நேரம் செத்துக் கிடந்தது.

"போச்சாங்க?" என்றார் அல்போன்சா.

"விடுதலை ஆயிட்டிருக்கு."

பிழைத்தெழுந்த பெட்டியில் நெட் முன்போலவே வந்தது, முன்போலவே போனது. ஆனால் விளக்கின் நிறம் இப்போது யூஜின் கையில். சிவப்பாக்கினார். புகார் உடனே பதிவாயிற்று.

மறுநாள் காலையிலேயே கம்பெனி ஆள் ஷ்ரேயாஸ் வந்தார். விளக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நெட் இல்ல மேடம்."

"இப்ப இருக்கு தம்பி. நெட்லதான் டிவில பூசை ஓடுது பாரு. சாயங்காலம்தான் போகும்."

"ஓடும் மேடம். ஆனா லைட் ரெட். நெட் இல்ல."

"எதிர்க் கம்பத்துல கேபிள் ஜாயின்ட் பிஞ்சு தொங்குது. சாயங்காலக் காத்துக்கு ஆடுது. அதக் கட்டினா போதும்ல?"

"அது கேபிள் டிபார்ட்மென்ட். நான் லைட்."

"அவங்க எப்ப வருவாங்க?"

"இந்தப் புகார் தீந்தாத்தான் அவங்களுக்குப் போகும்."

"தீந்துட்டா அவங்க எதுக்கு வரணும்?"

"அதான் மேடம், வர்றதில்ல." ஷ்ரேயாஸ் போனைக் கையில் எடுத்தார். "பச்சை போட்டோ ஒண்ணு கெடச்சா நான் கெளம்பிடுவேன்."

"அவ்வளவுதானே?" என்று யூஜின் லேப்டாப்பில் ஒரு தட்டுத் தட்டினார். பச்சை.

"ஆயித்து சார்." படம் எடுத்த பின்னும் ஷ்ரேயாஸ் நகரவில்லை. பெட்டியைப் பக்தியுடன் பார்த்தபடி நின்றார். "சார், இத எனக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?"

பகிர்ந்துகொள்வதே கட்டற்ற மென்பொருளின் தலையாய நெறி. யூஜின் சொல்லிக்கொடுத்தார். சில வாரங்களில் ஷ்ரேயாஸ் கையால் அந்தத் தெருவின் பெட்டிகள் அனைத்தும் விடுதலை பெற்று, நிரந்தரப் பச்சையில் நிலைத்தன. புகார்கள் அறவே ஒழிந்தன. 'பழுதற்ற வட்டாரம்' என்று கம்பெனி பாராட்டி ஒரு பேனர் வைத்தது. எதிர்க் கம்பத்தில்தான். பேனர் கயிற்றைக் கட்ட வாகாக அந்தப் பிய்ந்த கேபிள் இருந்தது.

அன்று மாலை வகுப்பு தொடங்கியதுமே அறுந்தது. அகாடமி மேலாளர் போனில் வந்தார்.

"நெட் இல்ல சார்," என்றார் அல்போன்சா.

"பழுதற்ற வட்டாரத்துல எப்படி மேடம் இல்லாம போகும்? லைட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார்.

"பச்சைதானே? அப்ப க்ளாஸ் நடந்திருக்கு. குழந்தைங்களயும் ஆளுக்கொண்ணு அனுப்பச் சொல்லிடறேன்."

எல்லா வீட்டிலிருந்தும் பச்சை வந்தது. முழு வருகை. வகுப்பை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டிய அவசியம் எழவில்லை. முதல் வாரம் அல்போன்சாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறு வாரம் இறங்கியது. அகாடமியின் சிறந்த ஆசிரியர் பட்டியலிலும் பெயர் வந்தது.

ஒரு மாலை, போட்டோ அனுப்பிவிட்டு அவர் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது ஆஷ்லி போனில் கூப்பிட்டாள்.

"டீச்சர், மூணுல ரெண்டு பங்கு பெருசா, நாலுல மூணு பங்கு பெருசா?"

அல்போன்சா பதில் சொல்ல வாயெடுத்தார். கண் பெட்டிப் பக்கம் போயிற்று. பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"க்ளாஸ் நேரத்துல போன் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?" என்றார்.