இலவச மென்பொருளுக்கு நான் போட்ட மனு

மனு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. சாரம் பகுதியில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததே என் மனுவால்தான் (தெரு இதை ஒத்துக்கொள்ளாது).

அப்போது ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. தமிழில் டைப் அடிக்க ஒரு இலவச மென்பொருள் வைத்திருந்தேன். யாரோ சிலர் சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில் உருவாக்கி எல்லோருக்கும் பொதுவாக விட்டது. ஒருநாள் ஆண்டு விழா அழைப்பிதழைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. எனக்கு வந்ததே கோபம். அவர்களுடைய இணையப் பக்கத்தில், குறைகளைப் பதியும் இடத்தில், நீளமாக ஒரு மனு போட்டேன்.

"ஐயா, தங்கள் பொறுப்பற்ற போக்கால் ஒரு கல்வி நிறுவனமே ஸ்தம்பித்துள்ளது. ஏழு நாளில் சரிசெய்யத் தவறினால் நுகர்வோர் நீதிமன்றம் செல்வேன்."

(ஒரு பைசா கொடுக்காத நுகர்வோர்.) நகல்: முதலமைச்சருக்கு, துணைநிலை ஆளுநருக்கு. கீழே வழக்கம்போல என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு.

அதை உருவாக்கியவர்களில் 'ஜெ.' என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டிருந்தார்: "என்ன செய்தீர்கள்? என்ன எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது?"

"கேள்வி கேட்பது உங்கள் வேலையல்ல" என்று பதில் போட்டேன். அப்புறமும் அந்த மனிதர் விடாமல் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "ஃபாண்டை நீங்களே அழித்திருக்கிறீர்கள். உங்கள் கணினியின் குப்பைத்தொட்டியில் இருக்கும். குறை மூடப்பட்டது."

இருந்தது. அழைப்பிதழைத் திறந்ததற்கு முந்தின நாள் கம்ப்யூட்டரைச் 'சுத்தம்' செய்த மகராசன் நானேதான். நன்றிகூடச் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து அரியாங்குப்பத்தில் பெண் பார்க்கப் போனோம். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி எனக்குப் பெண் தேடுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். பெண் பெயர் ஜெசிந்தா, கணக்கு டீச்சர். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. தனியாகப் பேச விட்டார்கள்.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

"எந்தக் கோர்ட்டு?" என்றேன்.

"அந்த ஜெ. நான்தாங்க. பயோடேட்டால அதே அப்பா பேரு, அதே கதவு நம்பர். ஸ்கூல் விட்டு வந்து, பேப்பர் திருத்திட்டு, மிச்ச நேரத்துல பண்ற வேலை அது. உங்க மனுவப் படிச்சிட்டு எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருந்தேன்."

வாயிலிருந்த பஜ்ஜி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவமானமாக இருந்தது. "அப்ப எதுக்கு எங்கள வரச் சொன்னீங்க?" என்றேன்.

"இப்டி எழுதுற ஆளோட மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கத்தான்."

மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட வாணாம். அங்க எழுதுங்க, எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். அன்று சாயந்திரமே எழுதினேன், நாலே வரி, நகல் யாருக்கும் இல்லை. மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் குறை சொல்வதென்றால் பிரிட்ஜில் தொங்கும் நோட்டில், அந்த மூன்று கேள்விக்கும் பதிலாகத்தான் எழுத வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை எழுதினேன்: "சாப்பிட்டேன். ருசியை எதிர்பார்த்தேன். மீன் குழம்பில் உப்பில்லை."

தன் அம்மாவைக் கேட்காமலே என் மகள் பதில் எழுதிவிட்டாள்: "உப்பு ஜாடி உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறது. குறை மூடப்பட்டது. நகல்: துணைநிலை ஆளுநருக்கு."