கிருமிப் படமும் மூன்றாவது வரனும்

சனிக்கிழமை மாலை ஐந்து மணி, டிக்கெட் மூன்று, பெயர் சரவணன். என் அக்கா மகன். அவனும் அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணும் டோபி காட் தியேட்டரில் ஒரு படம் பார்த்துப் பழக வேண்டும்; துணைக்கு நான். அவ்வளவுதான் வேலை.

ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. "இதையும் கெடுத்துட்டு ஈசூன்ல எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதே" என்று அக்கா அன்போடு வழியனுப்பினாள்.

பெண் மீனாவுக்குக் கிருமி ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆகவே, தேடிப் பிடித்துத் தொற்றுநோய்ப் படத்துக்கு டிக்கெட் எடுத்தேன். பத்திரிகை வேலையில் தலை நரைத்தவனுக்கு இந்த மூளைகூட இல்லாமலா போகும்?

நடுவில் நான், இருபுறமும் அவர்கள். படத்தில் காலையில் ஒருவர் தும்மினார். மதியத்துக்குள் ஊரே காலி.

"அங்கிள், காய்ச்சல் வரவே ரெண்டு மூணு நாள் ஆகும் லா. இது என்ன, எக்ஸ்பிரஸ் டெலிவரியா?" என்றாள் மீனா.

சிரித்து வைத்தேன்.

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் கதாநாயகன் முகக்கவசத்தைக் கழற்றினார். முகம் தெரியாவிட்டால் அப்புறம் என்ன கதாநாயகன்! கையுறை மாட்டிய கையாலேயே கண்ணீரையும் துடைத்தார்.

"ஐயோ, கண்ணைத் தொடாதே!" மீனா கத்தியே விட்டாள். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ஒரு பாட்டு முடிவதற்குள் தடுப்பூசி தயார்.

"எங்க லேப்ல இந்த நேரத்துல பர்சேஸ் ஆர்டர்கூட அப்ரூவ் ஆகாது."

மூன்றாவதும் போச்சு!

நிலைமையைச் சமாளிக்க, வாய் நிறைய பாப்கார்னோடு, "சினிமான்னா கொஞ்சம் அப்படி இப்படித்தாம்மா..." என்று ஆரம்பித்தேன். பாப்கார்ன் தொண்டையில் சிக்கியது. இருமினேன். என்ன இருமல்! திரையில் செத்துக்கொண்டிருந்தவர்களைவிட நன்றாகவே செய்தேன்.

முன்வரிசை எழுந்து போனது. சரவணன்? பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மூக்குவரை மாட்டினான். "மீனா, நீங்களும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தான். அவளும் போனாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "டேய், தாய்மாமன்டா நான்!"

"இருமலுக்கு அதெல்லாம் தெரியுமா மாமா?"

மீனா முதல்முறையாகச் சிரித்தாள். "ரெண்டரை மணி நேரத்துல சயின்ஸ்படி நடந்தது இது ஒண்ணுதான் அங்கிள். வீட்ல பேசச் சொல்லுங்க."

தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. எனக்குக் கடைசி வரிசையில், ஜன்னலோரம் நாற்காலி போட்டிருந்தார்கள்.