எம்சி எடுக்காத ஒன்பது வருடங்கள்

பொய் சொல்லி நான் ஒருநாளும் லீவு போட்டதில்லை. பொய் சொல்லி வேலைக்குப் போயிருக்கிறேன். இரண்டாவதுதான் பெரிய பாவம் என்று புரிய எனக்கு நாற்பத்து மூன்று வயதானது. ஓர் ஆம்புலன்ஸும் தேவைப்பட்டது.

சிங்கப்பூரில் உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்து விடுப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். எம்சி என்போம். சாங்கியில் நான் வேலை பார்த்த சரக்கு நிறுவனத்தில் ஒன்பது வருடமாக எம்சியே எடுக்காதவள் நான் ஒருத்திதான். சாப்பாட்டு அறைச் சுவரில் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். (மாலை ஒன்றுதான் குறை.) பத்து வருடம் நிறைந்தால் ஆண்டு விருந்தில் மேடையேற்றி விருது கொடுப்பார்கள். அதற்கு இன்னும் மூன்றே வாரம். தேக்கா கடைத்தெருவில் புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொரோனா வந்தது. கடைகளில் அரிசி காலியானது. லிஃப்ட் பொத்தானைச் சாவியால் அழுத்த ஆரம்பித்தோம். இருமல், சளி எது வந்தாலும் ஐந்து நாள் எம்சி எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் உத்தரவு போட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை இருமிக்கொண்டே எழுந்தேன்.

“ஸ்டெல்லா, கிளினிக் போயிட்டு வா லா. அஞ்சு நாள்தானே?” என்றார் என் கணவர் ஜேம்ஸ்.

“சும்மா தொண்டைக் கரகரப்புங்க. சாயங்காலம் மிளகு ரசம் வச்சா போயிடும்.”

“ரசத்துல போறது இருமல். உனக்கு இருக்கிறது மேடை ஆசை.”

கோபமாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சுவா சூ காங்கிலிருந்து சாங்கிக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்ணில் நீர் முட்டும் வரை இருமலை விழுங்கிக்கொண்டே போனேன். பாதி வழியில் மொத்தமாக வெடித்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். எதிரே ஒரு பெண் தன் குழந்தையின் முகத்தை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். அத்தனை வருடப் பயணத்தில் அன்றுதான் எனக்கு ஒரு முழு வரிசை கிடைத்தது. எதிர் வரிசையில் ஒரு சீனத் தாத்தா மட்டும் சட்டென்று எழ முடியாமல், சட்டைக் காலரை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. அடுத்த நிலையத்திலேயே நான் இறங்கித் திரும்பியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை செல்வம். மன்னார்குடிப் பையன், என்னை அக்கா என்பான். அவன் மனைவி கயல்விழிக்கு அங்கே ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்காக அன்று சாயங்காலம் ஊருக்குப் பறக்க இருந்தான். அவனை வழியனுப்ப மதியம் ஐந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மிளகாய் அரைத்துச் செய்த இறால் சம்பால் என் உபயம். இரண்டாவது கவளத்திலேயே இருமல் பிடித்துக்கொண்டது.

“மிளகா... புரையேறிடுச்சு” என்றேன்.

“யாரோ நினைக்கிறாங்கக்கா” என்று சிரித்தபடி என் தலையில் தட்டினான். தன் பாட்டிலிலிருந்தே தண்ணீரும் கொடுத்தான். நான் குடித்தேன்.

இரண்டு மணிக்குக் காய்ச்சல் பார்ப்பார்கள். முன்னெச்சரிக்கையாகக் குளிர்பானக் கேன் ஒன்றை நெற்றியில் உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். (எவ்வளவு படித்திருந்தால் என்ன!) கருவி முப்பத்தெட்டரை டிகிரி காட்டியது. எங்கள் மேலாளர் ஐரீன் இரண்டடி பின்வாங்கினார். என்னைக் கண்ணாடித் தடுப்புள்ள கூட்ட அறையில் உட்கார வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள்.

வெளியே ஐரீன் ஆங்கிலத்தில் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “ஸ்டெல்லாவோடு சாப்பிட்டது யார் யார்? சோதனை முடிவு வரும்வரை அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். பயணம் எதுவும் கூடாது.”

என் இறாலைத் தின்ற மூன்று பேர் கணினித் திரையைக் கூர்ந்து பார்த்தார்கள். செல்வம் கையைத் தூக்கினான்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. யாரும் திரும்பவில்லை.

இரண்டு நாள் தனி அறை. கொரோனா இல்லை, சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று தாதி வந்து சொன்னபோது தேம்பி அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். உடனே செல்வத்தைக் கூப்பிட்டேன்.

“உன் ஃப்ளைட்டக் கெடுத்துட்டேனேப்பா. நீ ஏன் கையத் தூக்குன?”

“கயல் புள்ளத்தாச்சிக்கா. எனக்கும் இருந்து, நான் கொண்டுபோயி அவளுக்குக் குடுத்துட்டா? விடுங்க, வர்ற சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்.”

என்னைக் குத்த வேண்டும் என்று அவன் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது.

அந்தச் சனிக்கிழமைக்குள் இந்தியாவுக்கு விமானங்களை நிறுத்திவிட்டார்கள். மகள் பிறந்ததை அவன் கைப்பேசியில் பார்த்தான். அவளை முதன்முதலாகத் தூக்கியபோது அவளுக்கு எட்டு மாதம். யார் மடியில் வைத்தாலும் சிரித்த பிள்ளை, அப்பாவைக் கண்டு வீறிட்டு அழுததாம். இதையும் அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆண்டு விருந்து ரத்தானது. விருதையே எடுத்துவிட்டார்கள். அந்தப் புடவையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

இப்போது செல்வம் குடும்பத்தோடு சிங்கப்பூரிலேயே, பூன் லேயில் இருக்கிறான். கயல் முதல் நாளே மகளிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். “பாப்பா, அப்பாவ உன்கிட்ட வரவிடாம இருமுனாங்கன்னு சொன்னேன்ல, அது இவங்கதான்.” அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் என் பெயர் இருமல் அத்தை. ஜேம்ஸ்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தக் குழந்தை வாசலிலேயே நிறுத்திக் கேட்கும், “அத்தை, இன்னைக்கு இருமல் இருக்கா?”

போன மாதம் மீன் குழம்போடு போயிருந்தேன். வழக்கம்போலக் கேட்டது. காலையிலிருந்தே தொண்டை லேசாகக் கரகரத்தது.

“கொஞ்சம் இருக்குடா” என்றேன்.

குழம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது.