ஏரிக்கரையில் பாம்பு

அமெரிக்கத் துரைசானியைக் காணவில்லை. சேலம் ஜங்ஷனுக்கு ரயில் வந்து, நின்று, புறப்பட்டும் போய்விட்டது. உபகாரசாமி பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலசிவிட்டார். கையிலிருந்த சாமந்தி மாலை வாடத் தொடங்கியிருந்தது.

நடுவில் தொப்பி போட்ட ஒரு கறுப்புப் பெண்மணி வந்து, அயோத்தியாப்பட்டணத்துக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஏதோ மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் குதிரை வண்டிகள் நிற்கிற பக்கம் கையைக் காட்டினார். துரைசானி இறங்குகிற நேரத்தில் குறுக்கே நின்று மறைக்கிறாளே என்று எரிச்சல் வேறு.

மாலையோடு வீட்டுக்குத் திரும்பினால், அந்த நர்ஸ் அவர் இரவல் வாங்கிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் மரியபுஷ்பம் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இவங்கதான் மிஸ் ஹேட்டி. அமெரிக்காவிலேருந்து வந்திருக்கிற டீச்சர்."

உபகாரசாமி மாலையைச் சூசையப்பர் படத்துக்குப் போட்டார்.

போன வாரம் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஒரு விஷயம் சொன்னார். மதராஸில் ஒரு வருஷம் பாடம் நடத்த வந்திருக்கும் அமெரிக்க டீச்சரம்மாவுக்குப் பறவைகள் பார்க்க வேண்டுமாம். ஏரிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் யாராவது தங்க வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நின்றவர் உபகாரசாமி. நிறத்தைப் பற்றிச் சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அமெரிக்கா என்றால் வெள்ளை என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா என்ன? வீட்டுக்கு வெள்ளையடித்து, நாற்காலி இரவல் வாங்கி, அக்கம்பக்கத்தில் அறிவித்தும் ஆயிற்று.

மின்சார ஆபீஸ் கிளார்க்கான அவருக்குப் பறவைகள்மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. மகள்மேல் இருந்தது. கான்வென்ட்டில் இங்கிலீஷ் படித்த அவளுக்கு இருபத்தாறு வயது ஆகிறது. நல்ல கறுப்பு. தரகர் கஸ்பார் "மாநிறம்" என்று சொல்லி அழைத்து வந்த ஒவ்வொரு மாப்பிள்ளை வீடும் காப்பி குடித்துவிட்டு, "சொல்லியனுப்புகிறோம்" என்று எழுந்து போனது. யாரும் எதையும் சொல்லியனுப்பவில்லை.

அதிலிருந்து மரியபுஷ்பத்துக்கு வெயில் ஆகாது என்று வீட்டில் சட்டம். சின்ன வயதில் ஏரிக்கரையே கதியென்று கிடந்தவள். நீர்க்காகம் முங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டை மறந்தவள். இப்போது கோயிலுக்குப் போனாலும் தலைக்குமேல் குடை. கூடத்து ஜன்னலைப் பகலெல்லாம் சாத்தி வைத்தார்கள். அவள் கடைசியாகப் பார்த்த ஏரி, சேலத்தில் ஒரு ஸ்டுடியோவின் திரையில் வரைந்திருந்ததுதான். ஏரியில் ஒரு அன்னம் வேறு. அதன் முன்னால் அவளை நிறுத்திப் படம் எடுத்து, டச்சிங் செய்து, எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு பெண்ணாக்கிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் மரியபுஷ்பத்துக்கே யாரென்று தெரியாது.

எடப்பாடி வேளாங்கண்ணியம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் மகன் கிறிஸ்துராஜின் படத்தை அனுப்பியிருந்தாள். பையனுக்கு மேட்டூரில் வேலை. அவன் பின்னாலும் அதே ஏரி, அதே அன்னம். பால் போல இருந்தான். ஒரே ஸ்டுடியோவில் எடுத்திருக்கிறார்கள், இதுவே நல்ல பொருத்தம்தான் என்று உபகாரசாமி பூரித்துப் போனார்.

ஆனால் பெண் பார்க்க வருவதற்குத்தான் அந்த அம்மாள் இழுத்துக்கொண்டே இருந்தாள். அமெரிக்கத் துரைசானி ஒருத்தி அவர் வீட்டில் வந்து தங்கப் போகிறாள் என்று கஸ்பார் போய்ச் சொன்னபிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சம்மதித்தாள். இதுவும் தட்டிப்போனால் மகளுக்குக் கல்யாணம் என்ற பேச்சே இனி இல்லை என்று உபகாரசாமிக்குத் தோன்றிவிட்டது. இரண்டு வருஷமாக அவர் சரியாகத் தூங்கவில்லை.

அந்தத் துரைசானிதான் இப்போது மோர் குடித்துக்கொண்டிருந்தாள். மாநிறம், புதுநிறம் என்று எந்தத் தரகராலும் சமாளிக்க முடியாத கறுப்பு.

மனைவி அன்னாள் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நம்ம பொண்ணை மாநிறம்னு சொல்லி வச்சிருக்கோம். இவங்களை என்னன்னு சொல்றது?"



மறுநாள் சனிக்கிழமை, விடிந்ததும் மிஸ் ஹேட்டி தொப்பியும் பைனாகுலருமாகத் தயாராக நின்றாள். மரியபுஷ்பத்தையும் துணைக்கு அனுப்பச் சொன்னாள். இரண்டு பேரும் வயல் வரப்பில் நடந்தால் ஊரே பார்க்கும்; சாயங்காலத்துக்குள் எடப்பாடிக்குச் சேதி போய்விடும். மகள் இன்னும் ஒரு பிடி கறுத்து வருவாள். உபகாரசாமி தன் ஆபீஸ் ஆங்கிலத்தைத் திரட்டி, ஏரியில் பாம்பு இருக்கிறது என்றார். பெரிய பாம்பு. நிறைய.

 மிஸ் ஹேட்டி மரியபுஷ்பத்திடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்தாள். மகள் அதைத் தமிழில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அன்று முழுக்க இருவரும் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தார்கள். காக்கை வந்தது. மைனா வந்தது. பக்கத்து வீட்டுக் கோழி வந்தது. மிஸ் ஹேட்டி கோழியைக்கூட மரியாதையாகத்தான் பார்த்தாள். கண்டம் விட்டுக் கண்டம் வந்தவளைக் கோழி பார்க்க வைத்துவிட்டோமே என்று உபகாரசாமிக்கே வருத்தமாக இருந்தது. ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்ததும் அந்த வருத்தத்தை ஒதுக்கி வைத்தார்.

சாயங்காலம் கஸ்பார் வந்து துரைசானி எங்கே என்றார். சூடு ஒத்துக்கொள்ளாமல் ஏற்காட்டுக்குப் போய்விட்டதாக உபகாரசாமி சொன்னார். அப்படியானால் கூடத்தில் இருக்கிற அம்மா யார் என்று கஸ்பார் கேட்டார். கொழும்பிலிருக்கும் அக்கா என்று வாயில் வந்துவிட்டது. ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டியிருந்தது. கொழும்பு அக்காவுக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? அதனால் தவக்காலத்தில் மௌன விரதம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிறு காலை அன்னாள் தன் பட்டுச்சேலையை மிஸ் ஹேட்டிக்குக் கட்டிவிட்டாள். அவளுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். இன்றைக்கு மட்டும் பேச வேண்டாம் என்று அவளிடம் சொல்ல மரியபுஷ்பம் மறுத்துவிட்டாள். உபகாரசாமியே உதட்டில் விரலை வைத்து, தவக்காலம், பரிசுத்தம் என்று புரியவைத்தார். இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று அவளும் தலையாட்டினாள்.

எடப்பாடிக்காரர்கள் பஸ்ஸில் சேலம் வந்து, அங்கிருந்து குதிரை வண்டி பிடித்து வந்தார்கள். மிஸ் ஹேட்டியை முந்தாநாள் கொண்டுவந்து விட்ட அதே பொன்னன் வண்டி. வேளாங்கண்ணியம்மாளும் அவள் தங்கையும் மட்டும் இறங்கினார்கள். வண்டியை வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தி, பின்பக்கத் திரையை அந்த அம்மாளே இழுத்து விட்டுவிட்டு வந்தாள்.

"மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலீங்க" என்றாள், உபகாரசாமியின் முகத்தைப் பார்க்காமல். உட்கார்ந்தவள் சுவரையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "தொரசானியம்மா இல்லீங்களா?"

"ஏற்காடு போயிட்டாங்க."

அந்த அம்மாள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். ஏமாற்றம்தான் என்று நினைத்த உபகாரசாமி அவசரமாகச் சமாதானம் செய்தார்.

"எந்த நேரமும் திரும்பி வந்துடுவாங்க. இப்பவோ அப்பவோன்னு இருக்கு."

அதைக் கேட்டதிலிருந்து அவள் நிலைகொள்ளவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேசரி வந்ததும், வண்டிக்காரருக்குக் கொடுத்தனுப்பச் சொன்னாள். அன்னாள் கொடுத்துவிட்டு வந்தபிறகு, "அவரு பசி தாங்க மாட்டாருங்க, இன்னொரு தட்டு குடுத்தனுப்புங்க" என்றாள். வண்டிக்காரனிடமே இவ்வளவு கரிசனம் காட்டுகிறவள் மருமகளை எப்படி வைத்துக்கொள்வாள் என்று உபகாரசாமி உருகினார்.

மரியபுஷ்பம் காப்பியோடு வந்து நின்றாள். படத்திலிருந்த எலுமிச்சம்பழம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வேளாங்கண்ணியம்மாள் அவளையும் நாற்காலியிலிருந்த கொழும்பு அக்காவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பொண்ணு அப்பிடியே அத்தை சாடைங்க" என்றாள்.

அன்னாள் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். சிரிக்கப் போனாளா அழப் போனாளா என்று உபகாரசாமிக்கு விளங்கவில்லை. அவர் சுதாரிப்பதற்குள், காப்பி டம்ளரை வாங்கிக்கொண்ட அத்தை பழக்கதோஷத்தில் "தேங்க் யூ" என்றாள்.

"விரதம்னீங்களே, பேசறாங்க?"

"விரதம் தமிழுக்கு மட்டுந்தாங்க" என்றார் உபகாரசாமி. 

அப்போதுதான் வேப்பமரத்தில் அந்தக் குரல் கேட்டது. குழலில் ஊதினது போல ஒரே ஒரு தரம். மிஸ் ஹேட்டி டம்ளரைக் கீழே வைத்தாள். மரியபுஷ்பம் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாங்குயில்" என்றாள் மரியபுஷ்பம்.

பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே தலை குனிந்து நிற்க வேண்டியவள், பாய்ந்து போய்க் கூடத்து ஜன்னலை விரியத் திறந்தாள். அத்தை பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். இருவரும் வேப்பமரத்தைப் பார்த்துப் பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, மடைதிறந்தது போல ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்கள். பறவை கிளை மாறிக் கீழே இறங்க இறங்க, பைனாகுலரும் வண்டிப் பக்கமாக இறங்கியது.

வேளாங்கண்ணியம்மாள் பதறி எழுந்தாள்.

"சன்னலைச் சாத்துங்க. சாத்து சாமி, வெயிலு."

 உபகாரசாமி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. வந்தவளே வாய்விட்டு வெயில் என்று சொல்லிவிட்டாள். இதற்குமேல் யார் என்ன சொல்ல வேண்டும்?

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. சொல்லியனுப்பறோம்" என்று அந்த அம்மாள் தங்கையைக் கிளப்பிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓட்டமாக வண்டிக்குப் போனாள்.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. உபகாரசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். மகளைத் திட்ட வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. திட்டுவதுதான் அவருக்கு வரும்.

"உன்னை யாரு ஜன்னலைத் தொறக்கச் சொன்னா?"

"அப்பா, நேத்து நீங்க பாம்புன்னதும் இவங்க என்ன சொன்னாங்கன்னு நீங்க கேக்கவே இல்லை" என்றாள் மரியபுஷ்பம். அவள் அழவில்லை. "இவங்க ஊர்லயும் ஒரு ஏரி இருக்காம். கறுப்பு ஆளுங்க வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருந்தாங்களாம். அதனால சின்ன வயசில வீட்டு ஜன்னல்லேருந்துதான் பறவை பாத்தாங்களாம். 'உங்க அப்பா நல்ல மனுஷர், போர்டு வைக்காம பாம்புன்னு சொல்றார்'னாங்க."

 மிஸ் ஹேட்டி சேலையை மாற்றிக்கொண்டு, தொப்பியோடு வந்து அவர் எதிரில் நின்றாள். ராத்திரி ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது, ஏரியில் பாம்பு உண்டா என்று கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"நோ" என்றார் அவர். அவளிடம் அவர் பேசிய ஆங்கிலத்தில் உண்மையான வார்த்தை அது ஒன்றுதான்.

இருவரும் புறப்பட்டுப் போனார்கள். வெயில் இன்னும் சுள்ளென்று இருந்தது. உபகாரசாமி குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினார். அங்கேயே நின்றுவிட்டார். வயலுக்கு அப்பால் ஏரிக்கரைமேல் இரண்டு உருவங்கள் ஏறி நின்றன. யார் மிஸ் ஹேட்டி, யார் மரியபுஷ்பம் என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், மிஸ் ஹேட்டியை ஜங்ஷனுக்கு அழைத்துப் போகப் பொன்னன் வண்டியோடு வந்தான். விரிக்காத குடையோடு உபகாரசாமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். யார்மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது அவருக்கு.

"கறுப்புன்னுட்டுப் போயிட்டாங்க, பொன்னா. இந்த வீட்டுல ரெண்டு தட்டு கேசரி தின்னியே, வழியில அந்தம்மாகிட்ட பொண்ணைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பொன்னன் குதிரையின் வாயிலிருந்து கடிவாளத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"நான் ஒரு தட்டுதானுங்க தின்னேன், இன்னொண்ணு வண்டிக்குள்ளாற ஒளிஞ்சு உக்காந்திருந்த மாப்பிள்ளைக்கு, அவரும் உங்க பொண்ணாட்டமே நல்ல கறுப்புங்க, வெள்ளைக்காரங்க பொழங்கற ஊடு, உன்னையப் பாத்தா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அந்தம்மா அவரைக் கடைசிவரைக்கும் எறங்கவே உடலீங்க."