அறுபதில் ஒரு பங்கு மடைக்காரத் தெரு

நகரங்களை நிர்மாணித்த மாமன்னர்களை வரலாறு நிறையப் பார்த்திருக்கிறது. ஆனால் ஒரு முழு நகரத்தையும் பதினாறு துண்டுகளாகக் கட்டி, வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது அடுக்கிப் பீரோ மேல் வைத்துவிடும் வல்லமை அவர்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. அந்தப் பெரும்பேற்றைத் திருநெல்வேலி நில அளவர் குற்றாலலிங்கத்துக்கென்றே காலம் ஒதுக்கி வைத்திருந்தது.

அவர் வேலை பார்த்தது ஓர் அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்று சொல்வதற்கில்லை. சொன்னால் மற்ற அலுவலகங்கள் 'எங்களை ஏன் விட்டீர்' என்று கோபித்துக்கொள்ளும். அங்கே இருபத்தாறு ஆண்டுகள் அவர் ஆற்றிய அறிக்கைப் பணி தனி இலக்கியம். 'புதர் மண்டியிருப்பதால் அளக்க இயலவில்லை' என்று ஒரு நிலத்துக்கு எழுதுவார். நிலத்துக்காரர் புதரை வெட்டிவிட்டு வந்து நிற்பார். 'புதர் வெட்டப்பட்டதில் எல்லைக் கல் மறைந்துவிட்டபடியால் அளக்க இயலவில்லை' என்று அடுத்த அறிக்கை போகும். எழுத்தில் ஒரு பிழை இருக்காது. கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும்.

அப்படி முத்து முத்தாக நான்கு அறிக்கைகள் பெற்ற பெருமை மடைக்காரத் தெருவுக்கு உண்டு. வாய்க்கால் கரையில் ஐந்துக்கு ஐந்து எதிரெதிராகப் பத்து வீடுகள். வயல்வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லை. ஏழு வருடமாக மனு கொடுக்கிறார்கள். நில அளவர் ஒருமுறை நேரில் வந்து அளந்து எழுதிவிட்டால் மீதி வேலை தானாக நடந்துவிடும். அவர் வரவில்லை. இந்த வருடம் வாய்க்கால் கரையை அழகுபடுத்தி நடைபாதை போடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆவணிக்குள் அளவைப் பதிவு இல்லாத வீடுகள் 'ஆக்கிரமிப்பு'. அழகு வருகிற வழியில் ஆக்கிரமிப்பு நிற்கக்கூடாது என்பது தெரிந்த விஷயம்தானே.

குற்றாலலிங்கம் சோம்பேறி என்று யாராவது நினைத்தால் அது அபாண்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் 'நெல்லைச் சிற்றுருவப் போர்க் கழக'த்தில் அவருடைய சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டும். ஓர் அங்குல உயரப் பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, தாயக்கட்டையை உருட்டிச் சுட்டுக்கொள்வது அந்த விளையாட்டு. எதிராளி ஒரு சிப்பாயை அரை அங்குலம் கூடுதலாக நகர்த்திவிட்டால் குற்றாலலிங்கம் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். "அளவுன்னா அளவுதான் வே!" என்று அவர் மேசையைத் தட்டினால் குண்டு விழாமலே நாலு சிப்பாய் சாயும்.

கழகத்தின் தலைவர் பல் டாக்டர் ஹெப்ரான். கூட்டம் அவருடைய கிளினிக்கில் நடக்கும். மூன்றாவது உறுப்பினர் சங்கர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். உறுப்பினர்கள் அவ்வளவுதான் என்பதால் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும்.

ஆடி மாதக் கூட்டத்தில் முக்கியமான பொருள் ஒன்று வந்தது. பெங்களூரில் அகில இந்தியப் போட்டி. மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய நகரப் போர்க்களப் பலகை செய்ய வேண்டும். 'சொந்த ஊர் இடிபாடு' என்பது தலைப்பு.

"யாரு ஊரை இடிக்க?" என்றார் ஹெப்ரான்.

"ஒங்க தெருவை எடுத்துக்கிடுவோமா டாக்டரே?" என்றார் குற்றாலலிங்கம்.

"எங்க தெருவுல சர்ச் இருக்குவே. அதுமேல குண்டு போடச் சொல்லுதீரா?"

இருவரும் சங்கரைப் பார்த்தார்கள். "எங்க வீட்டுக்கு இப்பம்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு" என்று அவர் அவசரமாகச் சொன்னார். குற்றாலலிங்கத்தின் தெருவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"மடைக்காரத் தெருன்னு ஒண்ணு கெடக்கு. நான் பஸ்ஸுல போகும்போது பாத்திருக்கேன். சுவரெல்லாம் காரை பேந்து, ஓடு சரிஞ்சு... நாம கஷ்டப்பட்டு இடிக்கவே வேண்டாம்."

"ஆளு இருக்காவளா அங்க?"

"ரெக்கார்டுப்படி இல்ல" என்றார் நில அளவர்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த சனிக்கிழமை அவர் மடைக்காரத் தெருவுக்குப் போனார். ஏழு வருடமாகப் போக இயலாத இடத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்துவிட்டதை அவர் ஓர் அற்புதமாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனையில் நின்று காலடி வைத்து அளந்தார். நீளம் அறுபது அடி. அகலம், இரண்டு பக்க வீடுகளையும் சேர்த்து, அதுவும் அறுபது. அவர்கள் செய்யும் பலகை அறுபதில் ஒரு பங்கு அளவு. துண்டு ஓரடிச் சதுரம். அதாவது இந்தத் தெரு ஒரு துண்டில் அச்சாக உட்கார்ந்துவிடும்! அவருக்கு மெய்சிலிர்த்தது. சிற்றுருவப் போருக்கென்றே ஆண்டவன் மூன்று தலைமுறைக்கு முன்பு இங்கே பத்துக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்திருக்கிறான்.

முதல் வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு. கூரை மோட்டிலிருந்து அடிவரை, மின்னல் வெட்டியதுபோல் கோணல்மாணலாக இறங்கியிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரி பேச்சித்தாய் வெளியே வந்து பயந்துபோய்க் கும்பிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை டேப்போட வாரேன்" என்றார் குற்றாலலிங்கம்.

அந்த ஒரு வாரமும் தெருவில் திருவிழாதான். சர்வேயர் வருகிறார்! வெள்ளை அடித்தார்கள். சாக்கடையைத் தூர்வாரினார்கள். பேச்சித்தாயின் புருஷன் பலவேசம் கொத்தனார் வேலைக்குப் போகிறவன். வேலைத்தலத்தில் கேட்டு வாங்கிவந்த சிமெண்டைக் குழைத்து வெடிப்பை அடைத்து, மட்டக்கட்டை போட்டுத் தேய்த்துவிட்டான். சனிக்கிழமை ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

குற்றாலலிங்கம் வந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"யாரும்மா இதைப் பூசச் சொன்னது?"

"சார் வாரிய, பாக்க நல்லா இருக்கணும்லா..."

"நல்லா இருக்கதா? கெடுத்துட்டியளே! சுரண்டுங்க."

பலவேசம் முழித்தான். "என்னத்துக்குச் சார்?"

"இருந்தது இருந்தபடிதான் அளக்கணும். நானா சேக்கவும் முடியாது, நீங்களாக் கொறைக்கவும் முடியாது. சுரண்டுங்க. இனி வேலை முடியுற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

பலவேசம் முணுமுணுத்தான். பேச்சித்தாய் அவனை அடக்கினாள். "நீரு சும்மா இரும். பழைய வீடுன்னு தெரியணும்லா? அதுக்குத்தான் சுரண்டச் சொல்லுதாவ. விவரம் தெரிஞ்சவிய."

தான் பூசிய காரையைத் தானே உளி வைத்துப் பெயர்த்தான் பலவேசம். பிறகு டேப்பின் ஒரு நுனியைப் பேச்சித்தாய் பிடித்தாள், மறுநுனியைச் சர்க்கார் பிடித்தது. ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு வாசலும், சன்னல் இல்லாத இடத்தில் சன்னலுக்காக விட்ட ஓட்டையும் அளக்கப்பட்டன. வெடிப்பின் அகலத்தை மட்டும் ஏழு இடத்தில் எடுத்தார். வீட்டுக்கு வீடு குடியிருப்பவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பத்து வீட்டுக்காரர்களும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கலைஞர்களுக்கு இந்த மரியாதை வழக்கம்தான் என்று தேற்றிக்கொண்டார்.

இடையில் ஒரு சந்தேகம் அவருக்கும் வந்தது. இதே அளவை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் என்ன? பட்டா வந்துவிடும். வந்தால் என்ன செய்வார்கள்? ஓட்டைக் கழற்றித் தளம் போடுவார்கள், டைல்ஸ் ஒட்டுவார்கள், அந்த வெடிப்பு ஒரே நாளில் போய்விடும். மண்ணின் தன்மை என்ற ஒன்றைப் பற்றி இந்த ஜனங்களுக்கு என்ன தெரியும்? யாராவது ஒருவர் அதைக் காப்பாற்றித்தானே ஆகவேண்டும்.

வேலை தொடங்கியது. அலுவலகத்துக்கு மருத்துவ விடுப்பு கொடுத்து, வீட்டு ஹாலில் கெட்டித் தெர்மாகோலை அறுத்தார். மற்ற பதினைந்து துண்டுகளில் கடைத்தெரு, நாற்சந்தி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏனோதானோவென்று முளைத்தன. எந்தத் துண்டை எதனோடு வைத்தாலும் சாலையோடு சாலை சேரும். ஓரத்தில் காந்தம் வைத்திருந்ததால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். மடைக்காரத் தெருவுக்கு மட்டும் இருபத்திரண்டு நாள். பல்லுக்கு அச்செடுக்கும் மாவை ஹெப்ரான் கொடுத்தார். அதில் சுவர் வார்த்தார். சொத்தைப்பல் சுரண்டும் ஊசியால் வெடிப்பைக் கீறினார். தாமிரபரணி மணலை மாவு சலிக்கும் சல்லடையில் சலித்துத் தூவினார். பிறகு, போட்டியின் தலைப்பை முன்னிட்டு, பேச்சித்தாய் வீட்டின் பாதி மோட்டைப் பிய்த்தெடுத்தார்.

துண்டை முடித்துக் கவிழ்த்தபோது கை சும்மா இருக்கவில்லை. அடிப்பக்கத்தில் நில அளவைப் புலப்படம் வரைந்தார். சர்வே எண், பத்து வீட்டின் நீள அகலம், குடியிருப்பவர் பெயர், 'என்னால் நேரில் அளக்கப்பட்டது' என்ற வாசகம், கையெழுத்து, தேதி. பயிற்சிக் காலத்தில் படித்தது. இருபத்தாறு வருடமாக எழுத வாய்ப்பே வராமல் கை ஏங்கிக் கிடந்திருக்கிறது. கடைசியில் அலுவலக முத்திரையையும் குத்தினார். ஊதா மையில் அழகாக விழுந்தது.

அன்றைக்குத்தான் அலுவலகத்திலிருந்து கடைசி அறிக்கை கேட்டு ஆள் வந்தது. முத்திரை மை காய்ந்துகொண்டிருந்த இடைவேளையில் எழுதிக்கொடுத்தார்: 'தெரு மிகக் குறுகலாக உள்ளபடியால் டேப் பிடிக்க இயலவில்லை.' தேதியும் போட்டார். அளவு விஷயத்தில் போலவே தேதி விஷயத்திலும் அவர் கறார்.

பெங்களூரில் முதல் பரிசு கிடைத்தது. 'இடிபாட்டில் உயிர் இருக்கிறது' என்று நடுவர்கள் எழுதினார்கள். உயிர் உண்மையில் எங்கே இருந்தது என்றால், மடைக்காரத் தெருவில், ஒழுகுகிற சுவருக்குக் கீழே. புரட்டாசியில் நாலு நாள் மழை. வெடிப்பு வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கியது. பேச்சித்தாய் சாக்கைத் திணித்தாள், பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள், காரையை மட்டும் தொடவில்லை. சர்க்கார் சொன்ன சொல் அது. மழை விட்ட மறுநாள் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். அளக்க இயலவில்லை என்ற அந்தக் கடைசி அறிக்கையைத் தேதியோடு அதில் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

நோட்டீஸைக் கிழித்தெடுத்துக்கொண்டு அவளும் பலவேசமும் அலுவலகத்துக்குப் போனார்கள். சர்வேயருக்குப் பாளையங்கோட்டையில் பாராட்டு விழா என்றார்கள். அங்கே போனார்கள்.

மண்டபத்தின் நடுவில் பலகை. சிறப்பு விருந்தினராக வருவாய்த்துறைப் பெரிய அதிகாரி விஜயஸ்ரீ வந்திருந்தார். கரை அழகுபடுத்தும் கோப்பில் முதல்நாள்தான் கையெழுத்துப் போட்டவர். அவர் கையில் தாயக்கட்டையைக் கொடுத்து, "ஆறு விழுந்தா அந்தத் தெரு காலி மேடம்" என்று ஹெப்ரான் விளக்கிக்கொண்டிருந்தார்.

பேச்சித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பலகையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். வெடிப்பைப் பார்த்தாள்.

"எம் வீட்டு மோடு எங்க சார்?"

குற்றாலலிங்கம் விருந்தினரை ஓரக்கண்ணால் பார்த்தார். "குண்டு விழுந்துட்டும்மா. விளையாட்டுல."

"நீங்க அளந்திய. நாந்தான் டேப்பு பிடிச்சேன். இந்த நோட்டீஸுல அளக்கலன்னு எழுதியிருக்கு."

"அது வேற அளவும்மா."

"அளவுல என்ன சார் வேற அளவு?" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் தெருவைப் பிடித்து இழுத்தாள். "எங்க தெருவைத் தந்துருங்க. நீங்க வேற எதையாவது வச்சு விளையாடுங்க."

காந்தம் 'டக்'கென்று விட்டது. துண்டு அவள் கையோடு வந்து கவிழ்ந்தது. அடிப்பக்கத்தில் தன் பெயர் இருப்பதைப் பார்த்து அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "பேச்சித்தாய்... பதினோரடி... எட்டு அங்குலம்."

விஜயஸ்ரீ துண்டை வாங்கிப் பார்த்தார். நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். துண்டுக்கும் நோட்டீஸில் சொல்லியிருந்த அறிக்கைக்கும் ஒரே தேதி.

ஹெப்ரான் நண்பனைக் காப்பாற்ற முன்னால் பாய்ந்தார். "மேடம், இதெல்லாம் சும்மா கற்பனை. குத்துமதிப்பாப் போட்டது."

இத்தனை நேரம் தலைகுனிந்து நின்ற குற்றாலலிங்கம் நிமிர்ந்தார். வேலை போகலாம், ஓய்வூதியம் போகலாம். குத்துமதிப்பு என்ற சொல்லை ஒரு கலைஞன் எப்படித் தாங்குவான்?

"குத்துமதிப்பா? யாருவே சொன்னது! மேடம், நீங்க இப்பமே டேப் வச்சுப் பாருங்க. அரை அங்குலம் பிசகாது. ஒவ்வொரு சுவரும் நானே நேர்ல நின்னு அளந்தது!"

விஜயஸ்ரீ தாயக்கட்டையை மேசையில் வைத்தார்.

"ஏழு வருஷமா இயலவில்லைன்னு எழுதியிருக்கீங்க. இது மட்டும் எப்படி இயன்றது?"

"அது... ஆர்வத்துல செஞ்சது மேடம்" என்றார் குற்றாலலிங்கம், அடக்கமாக.

விஜயஸ்ரீ துண்டைத் தன் உதவியாளரிடம் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொன்னார். கோப்பில் அது நுழையாது என்றார் உதவியாளர். அப்படியானால் கோப்பை அதன்மேல் கட்டுங்கள், நோட்டீஸை நிறுத்தி வையுங்கள், நீங்கள் நாளைக்கு என்னை வந்து பாருங்கள் என்று குற்றாலலிங்கத்திடம் சொல்லிவிட்டுப் பொன்னாடை போடாமலே போய்விட்டார். பரிசு பெற்ற நகரத்தின் நடுவில் ஓரடிச் சதுரம் காலியாகக் கிடந்தது.

பேச்சித்தாய் போகவில்லை. நில அளவர் முன்னால் வந்து, பழைய மரியாதை குறையாமல் கேட்டாள்.

"வேலை முடிஞ்சிட்டுல்லா சார்? இனி அந்த வெடிப்பைப் பூசிக்கிடலாமா?"